முதல்நாள் இரவும் மறுநாள் இரவும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான மயக்க மருந்து வைத்திய நிபுணர் ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நிற்பவர் ஒருவர். ஆனால் இந்த உரை ஐந்து பேருடையது. எமது உயர்தர உயிரியல் வகுப்பில் இருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் ஐவர். மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் விலங்கியல் படித்தவர்கள். எங்களில் இருவர் மருத்துவ பீடத்துக்குப் போனோம். மூவர் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்று, தாதியர் பயிற்சிக்குப் போனோம். விழாக் குழுவினர் உரையாற்றக் கேட்டபோது நாங்கள் ஐவரும் இரவுக் கடமைகளுக்கு இடையில் தொலைபேசியில் கதைத்து இதைத் தயாரித்தோம். ஆகவே இன்று "நாங்கள்" என்றே பேசப் போகிறோம்.

சுகாதாரம் பற்றி என்றதும் நீரிழிவு, மாரடைப்பு என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிக்குக் கிடைக்கவேண்டிய பராமரிப்பு. இந்த மண்டபத்தில் சத்திரசிகிச்சை செய்துகொள்ளாதவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் வைத்தியசாலைக் கட்டில் ஒன்றின் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு காவல் இருந்திராத பெண் எவரும் இருக்க மாட்டார். அம்மாவுக்கோ மாமிக்கோ பிள்ளைக்கோ நாம் எல்லோரும் இருந்திருக்கிறோம். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது, தாதி ஏன் அப்படிக் கேட்கிறார், ஏன் அடிக்கடி எழுப்புகிறார் என்று எங்களுக்கு எவரும் சொல்வதில்லை.

1846 ஒக்ரோபர் 16 ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர், ஈதர் ஆவியால் ஒரு நோயாளியை மயக்கி, நோவில்லாத சத்திரசிகிச்சையை வைத்தியர்கள் முன்னிலையில் செய்து காட்ட வழிசெய்தார். அடுத்த வருடம் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரபோமைப் பயன்படுத்தினார். அதே 1847 இல்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் பணியாற்றிய அவர், நோயாளி எந்த மொழியில் நோவைச் சொல்கிறாரோ அந்த மொழியிலேயே வைத்தியம் படிக்கவேண்டும் என்று கருதி, மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார், தமிழிலேயே மாணவர்களைப் பயிற்றுவித்தார். எங்கள் பேச்சில் இது பல தடவை திரும்ப வரும். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நடக்கும் பராமரிப்பில் பாதி, சரியான கேள்வியைச் சரியான பேச்சு வழக்கில் கேட்பதுதான்.

முதல்நாள் இரவு

நோயாளி விடுதியில் அனுமதிக்கப்பட்டதும் தாதி கேள்வி கேட்கத் தொடங்குவார். வைத்தியர் ஏற்கனவே கேட்டது, வெளிநோயாளர் பிரிவில் கேட்டது எல்லாவற்றையும் திரும்பவும் கேட்பார். "எத்தினை தரம் சொல்லுறது?" என்று நாம் சலித்துக்கொள்வோம். திரும்பக் கேட்பதில் ஒரு காரணம் இருக்கிறது.

நான்கு வயதுப் பையன் ஒருவன். குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை. நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கவேண்டாம் என்று தாய்க்குச் சொல்லப்பட்டது. காலையில் நாங்கள் கேட்டோம், "சாப்பாடு ஏதும் கொடுத்தீர்களா?" தாய் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் முகம் கழுவப் போயிருந்த நேரம் அவருக்குத் தெரியாது. விடுதித் தாதி கேள்வியை வேறு மாதிரிக் கேட்டார். தாயைக் கேட்காமல் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"பிள்ளைக்கு விடிய என்ன குடுத்தனீங்கள், அம்மம்மா?"

"ஒண்டுமில்லை பிள்ளை. பசியிலை அழுதவன். அரைப் பிஸ்கற்றைப் பால்தேத்தண்ணியிலை தோச்சுக் குடுத்தனான். அதெல்லாம் ஒரு சாப்பாடே?"

அன்று சத்திரசிகிச்சை பிற்போடப்பட்டது. தாய் அழுதார். அம்மம்மா குற்றவாளி போல நின்றார். அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பசித்து அழும் பிள்ளைக்குக் கொடுப்பதுதானே அவருக்குத் தெரிந்த அன்பு. தவறு எங்களுடையது. "சாப்பாடு" என்று நாங்கள் சொன்னதும் அவர் விளங்கிக்கொண்டதும் ஒன்றல்ல.

ஏன் இந்தக் கண்டிப்பு? விழித்திருக்கும்போது ஏதாவது புரைக்கேறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்க மருந்து அந்த இருமலையும் சேர்த்தே உறங்க வைத்துவிடும். இரைப்பையில் இருப்பது மேலே வந்தால் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். 1946 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மகப்பேற்று வைத்தியர் கேர்ட்டிஸ் மென்டல்சன், 44,016 மகப்பேறுகளை ஆராய்ந்து, மயக்க மருந்தின்போது 66 தாய்மாருக்கு இது நிகழ்ந்திருப்பதை எழுதினார். உணவுத் துண்டுகள் மூச்சை அடைப்பது மட்டுமல்ல, இரைப்பை அமிலமே சுவாசப்பையைப் புண்ணாக்குகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். இன்று நாங்கள் கடைப்பிடிக்கும் உண்ணா நேரத்துக்கு அந்த ஆய்வு ஒரு முக்கிய அடிப்படை.

அந்த நேரங்களை எல்லோரும் குறித்துக்கொள்ளலாம். இலகுவான திட உணவு, பால், பால்மா, பால்தேநீர் இவற்றுக்குக் குறைந்தது 6 மணித்தியாலம். எண்ணெயில் பொரித்தது, இறைச்சி போன்றவற்றுக்கு இன்னும் கூட. தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம். தண்ணீர், பால் சேர்க்காத வெறும் தேநீர் போன்ற தெளிந்த பானங்களுக்கு 2 மணித்தியாலம். இவை சாதாரண நேரங்கள். உங்கள் நோயாளிக்கு விடுதியில் வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மத்தியானம் செய்யவிருக்கும் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் கொடுக்காமல் முதியவரைக் காயப் போடுவதும் பராமரிப்பு அல்ல. "எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடுக்கலாம், மிஸ்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது மாத்திரைகள். சத்திரசிகிச்சை என்றதும் எல்லா மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. எல்லாவற்றையும் வழமை போல் விழுங்கிவிட்டு வருபவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து. குருதி அமுக்க மாத்திரைகளில் சிலவற்றைத் தொடரவேண்டும், சிலவற்றை அன்று காலை மட்டும் விடச் சொல்வோம். இன்சுலினையும் நீரிழிவு மாத்திரைகளையும் பட்டினி நேரத்துக்கு ஏற்ப மாற்றுவோம். குருதி உறையாமல் இருக்கப் பாவிக்கும் மாத்திரையைச் சிலருக்குப் பல நாட்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும், சிலருக்கு நிறுத்தவே கூடாது. இதைத் தீர்மானிக்க எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: நீங்கள் என்ன பாவிக்கிறீர்கள்? மாத்திரைப் பையை அப்படியே கொண்டு வாருங்கள். நாட்டு மருந்து, லேகியம், வெளிநாட்டில் இருந்து மகள் அனுப்பிய விற்றமின் குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று ஒளிக்கவேண்டாம். ஒளித்த ஒரு மருந்து, மேசையில் படுத்த பிறகு குருதிப்பெருக்காக வெளிவரலாம்.

ஆடும் பல், கட்டுப்பல், முன்பு மயக்க மருந்தில் ஏற்பட்ட சிக்கல், குடும்பத்தில் எவருக்காவது ஏற்பட்ட சிக்கல், ஒவ்வாமை, இரண்டு நாட்களாக இருக்கும் தடிமன் இவற்றையும் தாதி கேட்பார். நகப்பூச்சை அழிக்கச் சொல்வார், ஏனென்றால் விரல் நுனியில் மாட்டும் கருவி நகத்தின் ஊடாக ஒளியைச் செலுத்தித்தான் குருதியில் ஒட்சிசனைக் கணிக்கிறது.

நகை என்று வரும்போது எங்கள் ஊரில் கஷ்டமான இடம் தாலிக்கொடி. சத்திரசிகிச்சைக்கூடத்தில் குருதிக் குழாய்களை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் கருவி பாவிக்கிறோம். உடலில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். கழுத்தில் குழாய்கள் போடும்போது கொடி தடக்குப்படும், அறும், தொலையும். இந்த விளக்கத்தை எத்தனை தரம் சொன்னாலும், "அது கழுத்திலை கிடக்கட்டும், மிஸ்" என்று சொல்லும் அம்மாவின் பயம் வேறு. எங்களில் ஒருவருடைய விடுதியில் மூத்த தாதி ஒருவர் இருந்தார். அவர் வாதாடுவதில்லை. பார்வையாளர் நேரம் வரை பொறுத்திருந்து கணவரைக் கூப்பிடுவார். "நீங்களே கழட்டிக் கையிலை வைச்சிருங்கோ ஐயா. சுகமாகி வந்தாப்போலை நீங்களே திரும்பப் போட்டு விடுங்கோ" என்பார். அந்த அம்மா நிம்மதியாகத் தலையைக் குனிந்து கொடுப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் பயம் குறைந்த நோயாளிக்கு இதயத் துடிப்பும் குருதி அமுக்கமும் அமைதியாக இருக்கும். மயக்க மருந்து கொடுக்கும் எங்களுக்கு அந்தத் தாதி செய்த உதவி பெரியது.

அதன் பிறகு கையில் பெயர்ப் பட்டி, சத்திரசிகிச்சை செய்யவேண்டிய பக்கத்தில் அடையாளம், விளங்கிக் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரம். கூடத்துக்குள்ளே போனதும் திரும்பவும் பெயர் கேட்பார்கள். இது மறதியால் அல்ல. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை அறிமுகப்படுத்தியது. எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் அதைப் பரீட்சித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லை. ஒரு தாள். பல இடங்களில் அந்தத் தாளைச் சத்தமாக வாசிப்பவர் தாதிதான். பதில் சரியாக வராவிட்டால், எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் அவர் கத்தியை எடுக்காமல் நிற்கவேண்டும்.

கூடத்துக்கு வெளியே

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். அங்கே ஒருவர் நோயாளியின் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நோயாளி தனியாக விடப்படுவதில்லை. ஆபத்து கூடுவது அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான். மயக்கம் பாதி தெளிந்த நிலை, ஆட்கள் குறைந்த இடம், வெளியே காத்திருந்த உறவினரின் பதற்றம் எல்லாம் அந்த நேரத்தில் வந்து சேருகின்றன.

மீட்பு அறையில் தாதி பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் மூச்சு போகும் வழி. பிறகு மூச்சு. பிறகு நாடித்துடிப்பு, குருதி அமுக்கம். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? காயத்துக் கட்டு நனைகிறதா? வடிகுழாயில் எவ்வளவு குருதி? சிறுநீர் போகிறதா? நோ எவ்வளவு? சத்தி வருகிறதா? உடல் குளிர்கிறதா? முதலில் சில நிமிடத்துக்கு ஒரு தரம், பிறகு கால் மணிக்கு, அரை மணிக்கு ஒரு தரம் இதைத் திரும்பத் திரும்பச் செய்வார். "கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்கோவன்" என்று நாம் கோபிப்பது இந்த நேரத்தில்தான்.

குறட்டை பற்றி ஒன்று சொல்லவேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர் குறட்டை விட்டால், "பாவம், நல்ல நித்திரை" என்கிறோம். அது நித்திரை அல்லாமல் இருக்கலாம். நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழி பாதி அடைபட்டிருக்கலாம். நெஞ்சு ஏறி இறங்கியும் சத்தமே வராவிட்டால் முழுவதும் அடைபட்டிருக்கலாம். தாதி ஓடி வந்து கீழ்த்தாடையை முன்னோக்கி உயர்த்துவதும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் அந்த வழியைத் திறப்பதற்கே. உங்கள் நோயாளியின் குறட்டை திடீரென்று மாறினால், நின்றால், உதடு நீலம் பாய்ந்தால், கூப்பிடத் தயங்கவேண்டாம்.

முதுகில் ஊசி போட்டவருக்குக் கால் சில மணித்தியாலங்கள் விறைத்திருக்கும். உடம்பு நடுங்குகிறது என்று காலுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கவேண்டாம். சுடுவது அவருக்குத் தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியவரும். போர்வை கேளுங்கள். சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் பத்து வருடமாக நாரி நோகிறது என்று சொல்லும் அக்காமாரும் இங்கே இருப்பீர்கள். ஊசி போட்ட இடம் சில நாட்கள் நோகலாம். நாட்பட்ட நாரி நோவுக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்ப காலமும், பிள்ளையைத் தூக்கிய வருடங்களும், குனிந்து செய்த வேலையும் காரணமாக இருக்கலாம்.

ஓர் இரவு

இனிச் சொல்லப் போவதை நாங்கள் ஐவரும் கலந்து பேசித்தான் இந்த உரையில் சேர்த்தோம்.

எங்களில் ஒருவர் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த காலம். அதே வைத்தியசாலையில், அதே சத்திரசிகிச்சை விடுதியில், எங்களில் இன்னொருவர் தாதி. தாதிக்கு அப்போது மூன்று வருட அனுபவம். வைத்தியருக்கு மூன்று மாத அனுபவம். எட்டு வருடம் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஆனால் விடுதிக்குள் அவள் "டொக்டர்" என்றுதான் கூப்பிடுவாள். அதைத் திருத்தவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அன்று ஓர் அம்மாவுக்குத் தைரொயிட் கழலைச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. இரவு பத்தரை மணிக்குத் தாதி தொலைபேசியில் அழைத்தாள். "அந்த அம்மா ஒரு மாதிரி இருக்கிறா, டொக்டர். கழுத்து இறுக்குது எண்டு சொல்லுறா." ஒட்சிசன் அளவு என்ன என்று கேட்டோம். 98 என்றாள். குருதி அமுக்கம்? சரியாக இருந்தது. வடிகுழாயில் குருதி? அதிகம் இல்லை. தையலின் இறுக்கமாக இருக்கும், பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி வைத்துவிட்டோம். இருபது நிமிடத்தில் திரும்பவும் அழைத்தாள். அளவுகள் அப்படியேதான், ஆனால் அம்மா படுக்க மாட்டேன் என்கிறா, எழும்பி இருக்கிறா என்றாள். வேறொரு விடுதியில் வேலையாக நின்றோம். களைப்பும் இருந்தது. "அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று சொன்ன குரல் இந்த மேடையில் நிற்பவருடையது.

மூன்றாவது தரம் அவள் எங்களை அழைக்கவில்லை. எங்களைத் தாண்டி நேரே சத்திரசிகிச்சை நிபுணரின் வீட்டுக்கு அழைத்தாள். ஒரு தாதி இரவு பதினொரு மணிக்கு அப்படிச் செய்வது இலேசான காரியம் அல்ல. சந்தேகம் பிழைத்துப் போயிருந்தால் அடுத்த நாள் அவள் யார் யாருக்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் ஓடிப் போனபோது கழுத்துக் கட்டின் கீழே புடைத்திருந்தது. உள்ளே குருதி கசிந்து, வெளியே வர இடமின்றித் திரண்டு, மூச்சு வழியை நெரித்துக்கொண்டிருந்தது. தையல் வெட்டும் கருவிகளைக் கொண்ட தட்டு கட்டில் தலைமாட்டில் தயாராக இருந்தது. கழலைச் சத்திரசிகிச்சை நோயாளிக்கு அருகில் அது இருக்கவேண்டும் என்பது விதி. கடமைக்கு வந்த உடனே அது இருக்கிறதா என்று பார்த்து வைத்தவளும் அவள்தான். நிபுணர் வந்து கட்டிலிலேயே தையலைத் திறந்தார். உறைந்த குருதி வெளியேறியதும் அந்த அம்மா இழுத்த மூச்சின் சத்தம் எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு கூடத்துக்குக் கொண்டு போய்க் கசிவை அடைத்தார்கள். ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனார்.

ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு மூச்சு வழி ஒடுங்கிக்கொண்டு போனாலும், அளவு கடைசி வரை சரியாகவே காட்டக்கூடும். இதை நாங்கள் படித்திருந்தோம். பரீட்சையிலும் எழுதியிருந்தோம். விடிய அவளிடம் கேட்டோம், உமக்கு எப்படித் தெரிந்தது என்று.

"கருவி சரியாத்தான் காட்டினது. பின்னேரம் மகளோடை கதைச்ச குரல் இல்லை அது. குரல் மாறிப்போச்சுது."

பின்னேரம் அந்த அம்மா எப்படிக் கதைத்தார் என்பதை அவள் கவனித்திருந்தாள். நாங்கள் கவனித்திருக்கவில்லை. மயக்க மருந்துத் துறையை நாங்கள் தெரிவுசெய்ததில் அந்த இரவுக்குப் பங்கு உண்டு. அன்றிலிருந்து இன்று வரை, "அளவெல்லாம் சரி, ஆனால் ஆள் சரியில்லை" என்று ஒரு தாதி சொன்னால் எழும்பிப் போகிறோம்.

மறுநாளும் வீட்டிலும்

அடுத்த நாட்களில் வீட்டாராகிய நாம் செய்யக்கூடியவை பல.

முதலாவது, நோவை மறைக்க விடாதீர்கள். எங்கள் பெண்கள் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகப் படித்தவர்கள். நோவுக்குப் பயந்து ஆழமாக மூச்செடுக்காமலும் இருமாமலும் கிடந்தால் சளி தேங்கி நியூமோனியா வரலாம். அசையாமல் கிடந்தால் கால் நாளங்களில் குருதி உறையலாம். பூச்சியத்தில் இருந்து பத்து வரைக்கும் நோ எவ்வளவு என்று தாதி கேட்டால் உண்மையான எண்ணைச் சொல்லட்டும். வயிற்றுக் காயத்தின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்து இருமச் சொல்லுங்கள். நடக்கச் சொன்னால் கையைப் பிடித்து நடத்துங்கள்.

இரண்டாவது, வயது போனவர்கள். சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் அம்மா ஆட்களை மாறிக் கூப்பிடுகிறா, இரவில் எழும்பி ஓடப் பார்க்கிறா, அறளை பெயர்ந்து விட்டது என்று பிள்ளைகள் கலங்குவார்கள். இது பெரும்பாலும் தற்காலிகக் குழப்பம். கிருமித் தொற்று, நோ, சிறுநீர் தேங்கல், நித்திரையின்மை, மருந்து என்று காரணம் தேடவேண்டிய ஒன்று. உடனே தாதிக்குச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் திரும்பக் கொடுங்கள். பழக்கமான குரலில், இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருங்கள்.

மூன்றாவது, பார்க்க வரும் சனம். அன்பால்தான் வருகிறோம். பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று, ஒருவர் கட்டிலில் இருந்து, காயத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பது அன்பு அல்ல. கையைக் கழுவுங்கள். சாப்பிடலாம் என்று விடுதியில் சொன்ன பிறகு மட்டும் சாப்பாடு கொடுங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிடாதீர்கள். வைத்தியர் தடுத்திருந்தாலன்றி, காயம் ஆறப் புரதம் வேண்டும்.

அன்றே வீட்டுக்கு விடப்பட்டால் 24 மணித்தியாலத்துக்கு ஸ்கூட்டர் ஓடவேண்டாம், முக்கியமான பத்திரங்களில் கையொப்பமிடவேண்டாம், துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும். காய்ச்சல், காயம் சிவந்து சீழ் வடிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சு முட்டுதல், நிற்காத சத்தி, சிறுநீர் கழிக்க முடியாமை இவற்றில் எது வந்தாலும் குறித்த கிளினிக் திகதி வரை காத்திருக்கவேண்டாம்.

கடைசியாக ஒன்று

நூற்றாண்டு மலருக்காகப் பெயர்கள் திரட்டியபோது, வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி என்று பட்டியல்கள் வந்தன. எங்கள் ஐவரில் இருவருடைய பெயர்கள் அதில் இருந்தன. மூவருடையவை இல்லை. எவரும் வேண்டுமென்று விடவில்லை. மண்டபச் சுவரில் இருக்கும் பொன்னெழுத்துப் பலகையிலும் அப்படித்தான். அதைப் பார்த்து எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறோம். நாங்களும் இதுவரை கேட்டதில்லை. அந்த மௌனத்துக்காக இன்று எங்கள் மூன்று தோழிகளிடமும், அவர்களைப் போன்ற எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

அந்த இரவில் தொலைபேசி எடுத்தவளை இன்று இந்த மேடைக்கு அழைத்தோம். "நான் என்ன பெரிய ஆளே மேடையிலை ஏற?" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்கள் வற்புறுத்தியபோது, இன்று பின்னேரம் கடமை இருக்கிறது, மாற்ற ஆளில்லை என்றாள். இந்த நேரம் அவள் விடுதியில் நிற்பாள்.

சங்கத்திடம் எங்கள் தாழ்மையான வேண்டுகோள் இது. இக்கல்லூரியில் படித்துத் தாதியராக, மருத்துவ மாதுக்களாகச் சேவை செய்தவர்களின், செய்கிறவர்களின் பெயர்களைத் தேடித் திரட்டுவோம். அதற்கான வேலையை நாங்கள் ஐவரும் பொறுப்பேற்கிறோம். சுவரில் இடம் இருக்கிறதா என்று இன்று காலை பார்த்தோம். இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, வெட்டுப்புள்ளி உங்களில் பலரை வேறு வேறு வாசல்களுக்கு அனுப்பும். சத்திரசிகிச்சைக்கூடத்தின் வாசலில் எந்தப் பக்கத்தில் நின்றாலும், உங்கள் பக்கத்து வாங்குக்காரி கூப்பிட்டால் எழும்பிப் போங்கள்.